வீட்டில் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டைமாடிக் கொட்டகையிலோ முன்னறையிலோ வாரம் ஒருநாள் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்து ஓவியம் சொல்லித்தர நினைப்பவர்களுக்கான பக்கம் இது. 4 வயது முதல் 13 வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம்.

ஓவியத்தில் பட்டமோ சான்றிதழோ இல்லை. வகுப்பு எடுக்கலாமா?

எடுக்கலாம். சான்றிதழ் கேட்பது பள்ளி வேலைக்கு. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியமும் உண்டு. லோயர், ஹையர் என்று இரண்டு நிலை. பின்னால் பள்ளிக்குப் போகும் எண்ணமிருந்தால் இப்போதே எழுதி வைக்கலாம். வீட்டு வகுப்புக்கு அது கட்டாயமில்லை.

ஆனால் ஒரு சொம்பை, உங்கள் இடது கையை, ஒரு செம்பருத்திப் பூவை எதிரே வைத்துப் பார்த்து வரைய உங்களுக்கு வரவேண்டும். வீடியோ பார்த்து மயில் போடத் தெரிந்தால் மயில் வகுப்பு மட்டும்தான் எடுக்க முடியும். ஒரு பிள்ளை, "மாட்டுக்குப் பின்னங்கால் எந்தப் பக்கம் மடங்கும்?" என்று கேட்கும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

எந்த வயதில் சேர்த்துக்கொள்ளலாம்? எல்லா வயதையும் ஒன்றாக உட்காரவைக்கலாமா?

4 வயதுக்குக் கீழே வேண்டாம். அந்த வயதுக்குத் தேவை பெரிய தாளும் தடித்த கிரேயானும் கிறுக்குவதற்கு ஒரு சுவரும். அதை வீட்டிலேயே கொடுக்கலாம்.

பிள்ளைகளின் ஓவியம் வயதுக்கேற்பப் படிப்படியாக மாறும். விக்டர் லோவென்ஃபெல்ட் என்ற கலைக் கல்வியாளர் 1947இல் வகுத்த படிநிலைகளைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். சுருக்கமாகச் சொன்னால், 4 வயதில் மனிதன் என்றால் ஒரு வட்டம், அதிலிருந்து நேராக இரண்டு கால், உடம்பு இருக்காது. 7 வயதில் தாளின் அடியில் ஒரு கோடு விழும், அதுதான் தரை. வீடு, மரம், அம்மா எல்லாம் அதன்மேல் வரிசையாக நிற்கும். வீட்டுக்குள் இருப்பவர்கள் சுவரைத் தாண்டியும் தெரிவார்கள். 9, 10 வயதில் "நிஜம் மாதிரி இல்லையே" என்ற கவலை வரும். அழிரப்பரை அதிகம் தேய்ப்பது இவர்கள்தான், ஓவியத்தை விட்டுவிடுவதும் இவர்கள்தான்.

ஆகவே 4–6, 7–9, 10–13 என்று மூன்று குழுவாகப் பிரியுங்கள். முடியாவிட்டால் இரண்டாகவாவது. 5 வயதுப் பிள்ளை பக்கத்தில் 11 வயது அக்கா உட்கார்ந்தால், சின்னது அவள் தாளையே பார்த்துக்கொண்டிருக்கும். தன் தாள் அப்படியே கிடக்கும். 4 வயதுப் பிள்ளையின் உடம்பில்லாத மனிதனைத் திருத்தவே வேண்டாம். சில மாதங்களில் உடம்பு தானாக வரும்.

ஒரு வகுப்பில் எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

சின்னவர்கள் ஒரு ஆசிரியருக்கு 6 பேர், 45 நிமிடம். 7–9 வயது 8 பேர், 60 முதல் 75 நிமிடம். 10–13 வயதுப் பெரிய பிள்ளைகள் 10 பேர், 90 நிமிடம். பெயிண்ட் எடுக்கும் நாளில் கடைசி 15 நிமிடம் கழுவுவதற்கே போய்விடும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என்னென்ன வாங்க வேண்டும்?

10 பேருக்கு முதல் மூன்று மாதத்துக்குப் போதுமானது இவ்வளவுதான்:

- பென்சில்: எச்பி 10, 2பி 10, 4பி 5. பி-க்கு முன்னால் எண் ஏற ஏறப் பென்சில் மென்மையாகும், கோடு கறுப்பாகும். ஓவியத்துக்கு எச்பி மட்டும் கொடுத்தால் அழுத்தி வரைவார்கள். அழித்தாலும் தாளில் பள்ளம் நிற்கும்.
- ஆயில் பேஸ்டல்: 25 நிறப் பெட்டி, இருவருக்கு ஒன்று என 5.
- போஸ்டர் கலர்: மஞ்சள், இரண்டு வகைச் சிவப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை. வெள்ளை மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு வாங்குங்கள். முதலில் தீர்வது அதுதான். பச்சை, ஊதா, ஆரஞ்சு வாங்காதீர்கள். கடையில் வாங்கிய பச்சை கையில் இருக்கும்வரை யாரும் மஞ்சளையும் நீலத்தையும் கலந்து பார்க்கமாட்டார்கள்.
- பிரஷ்: உருண்டை முனை 4, 8 எண்களில் ஆளுக்கு ஒன்று, தட்டை முனை 5 பொதுவில். மலிவான பிரஷ்ஷில் முடி கொட்டி ஓவியத்தில் ஒட்டிக்கொள்ளும். வாங்கும்முன் முனையை நனைத்து விரலால் கூர்மையாக்கிப் பாருங்கள். கூர் நின்றால் வாங்கலாம்.
- பரீட்சை அட்டை 10, மேஸ்கிங் டேப் 2, பழைய பருத்தித் துணி நிறைய.

நிறத் தட்டுக்கு ஓட்டையில்லாத பழைய இட்லித் தட்டைப்போல வாகானது வேறில்லை. குழிக்கு ஒரு நிறம், நடுவே கலக்க இடம். ஒன்று மட்டும்: ஒருமுறை பெயிண்டுக்கு வந்த தட்டு மறுபடி அடுப்பங்கரைக்குப் போகக்கூடாது. தண்ணீருக்கு உயரமான டம்ளர் வைத்தால் முழங்கை பட்டுச் சாயும். அகலமான கிண்ணத்தில் பாதி தண்ணீர் வையுங்கள்.

எந்தக் காகிதம்? பெயிண்ட் அடித்தால் தாள் சுருண்டுபோகிறதே.

ஜெராக்ஸ் தாள் 70, 75 ஜிஎஸ்எம்தான் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) இருக்கும். பென்சில், கிரேயானுக்குச் சரி. தண்ணீர் பட்டால் நார் உப்பி, காயும்போது ஒருபக்கமாக இழுத்து நெளிந்துவிடும். போஸ்டர் கலருக்கு 150 ஜிஎஸ்எம்முக்குக் குறையாத கார்ட்ரிட்ஜ் தாள் (தடித்த ஓவியத் தாள்) வேண்டும். வாட்டர் கலரில் தண்ணீர் ஓடவிட்டு வரைய 300 ஜிஎஸ்எம். அது விலை அதிகம் என்பதால் பெரியவர்களுக்கு மட்டும், அதுவும் மாதம் ஒருமுறை போதும்.

எந்தத் தாளானாலும் நான்கு ஓரத்தையும் மேஸ்கிங் டேப்பால் பரீட்சை அட்டையில் ஒட்டிவிடுங்கள். நெளிவு பாதியாகக் குறையும், ஃபேன் காற்றில் பறக்காது, பிரித்தெடுத்தால் நான்கு பக்கமும் வெள்ளை பார்டர் இலவசம். ஈரம் முழுக்கக் காய்ந்தபிறகு, டேப்பை வெளிப்பக்கமாகச் சாய்த்து மெல்ல உரியுங்கள். ஈரத்தில் உரித்தால் தாளின் தோலும் கூடவே வரும்.

கணக்கு: 10 பேர், மாதம் 4 வகுப்பு, ஆளுக்கு 2 தாள் என்றால் 80. வீணாவதற்கு 10 சேர்த்து 90 தாள். 22க்கு 28 அங்குலச் சார்ட் தாளை நான்காக வெட்டினால் 11க்கு 14 அங்குலத்தில் நான்கு கிடைக்கும். சின்னவர்களுக்கு அந்த அளவு நல்லது. அவர்கள் தோளிலிருந்து கையை வீசி வரைகிறவர்கள், ஏ4 போதாது.

முதல் வகுப்பில் என்ன செய்வது?

ஆப்பிள், மீன், வீடு என்று படிப்படியாகப் போட்டுக்காட்டி ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் இப்போது எப்படி வரைகிறார்கள் என்று தெரியாமல் எதைச் சொல்லித்தருவீர்கள்? "இன்றைக்குக் காலையில் வீட்டில் நடந்த ஒன்றை வரையுங்கள்" என்று சொல்லி 20 நிமிடம் விட்டுவிடுங்கள். யார் தாளின் மூலையில் சின்னதாக வரைகிறார்கள், யார் அழித்துக்கொண்டே இருக்கிறார்கள், யார் முதலில் பக்கத்துத் தாளைப் பார்க்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர், தேதி, வயது தாளின் பின்பக்கம் எழுதி அந்த ஓவியத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்துப் பெற்றோருக்குக் காட்ட அதைவிடப் பெரிய ஆதாரம் கிடையாது.

மிச்ச நேரத்தில் மெழுகு ஓவியம். வெள்ளை மெழுகுவர்த்தியால் தாளில் கோலமோ பெயரோ எழுதச் சொல்லி, மேலே நீலத்தை நிறையத் தண்ணீர்விட்டுப் பூசுங்கள். மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாது, எழுத்து வெள்ளையாக எழும்பி வரும். பெயிண்ட் கெட்டியாக இருந்தால் மெழுகையும் மூடிவிடும். ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்குப் பட்டாணி அளவு பெயிண்ட் போதும். பிளாஸ்டிக் கிரேயானில் இது சரியாக வராது.

எதை வரையச் சொன்னாலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, ஆறு, வானத்தில் நான்கு பறவை. என்ன செய்ய?

கேட்காத ஆசிரியரே இல்லாத கேள்வி. வாழ்நாளில் மலையையே பார்க்காத பிள்ளையும் இதைத்தான் வரையும். இது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. யாரோ கற்றுக்கொடுத்து, பாராட்டும் வாங்கிய சூத்திரம். திட்டினால் அந்தப் பிள்ளை வேறொரு சூத்திரத்தைத் தேடும், அவ்வளவுதான்.

கேள்வி கேட்டு உடைக்க வேண்டும். "இந்தக் குடிசையில் யார் இருக்கிறார்கள்? கதவு திறந்திருக்கிறதா? துணி எங்கே காய்கிறது? தண்ணீர் எங்கே பிடிக்கிறார்கள்?" நான்கு கேள்வியில் குடிசை ஒரு குறிப்பிட்ட வீடாக மாறிவிடும். அடுத்த வாரம் "உங்கள் தெருமுனை" என்று தலைப்புக் கொடுங்கள். மின்கம்பம், தண்ணீர்த் தொட்டி, நிறுத்தியிருக்கும் ஷேர் ஆட்டோ, இளநீர் வண்டி எல்லாம் வரும். இவற்றுக்குச் சூத்திரம் கிடையாது, பார்த்துத்தான் ஆகவேண்டும்.

பிள்ளையின் தாளில் நான் கை வைத்துத் திருத்தலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் கடைப்பிடிப்பதானால் இதைக் கடைப்பிடியுங்கள். நீங்கள் ஒரு கோடு போட்டதும் அது உங்கள் ஓவியம். பிள்ளைக்கும் அது தெரியும்; வீட்டில் யாராவது பாராட்டும்போது முகத்தைப் பார்த்தால் உங்களுக்கும் தெரியும். அடுத்த வகுப்பில் அதே பிள்ளை கண் வரையும் இடம் வந்ததும் பென்சிலை உங்களிடம் நீட்டும்.

காட்டவேண்டியதை வேறொரு தாளில் வரைந்துகாட்டுங்கள். காட்டிவிட்டு அந்தத் தாளை மடித்து எடுத்துவிடுங்கள், பக்கத்தில் வைத்தால் பார்த்துப் போடுவார்கள். தவறு பெரிதாக இருந்தால் பொருளைக் காட்டிக் கேளுங்கள்: "வாழைப்பழத்தின் காம்பு எங்கே தடிக்கிறது? உன் தாளில் எங்கே தடிக்கிறது?" பாதி நேரம் அவர்களே அழிரப்பரைத் தேடுவார்கள்.

பார்த்து வரைவதை எப்படிச் சொல்லித்தருவது? ஒரு பாடம் உதாரணமாகச் சொல்ல முடியுமா?

சொம்புப் பாடம். 9 வயதுக்குமேல், 75 நிமிடம்.

ஒரு பித்தளைச் சொம்பை முக்காலியில் வைத்து, எதுவும் சொல்லாமல் 10 நிமிடம் வரையவிடுங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் ஒரே தவற்றைச் செய்வார்கள்: வாய் முட்டை வடிவில் இருக்கும், இரண்டு ஓரமும் கூராக இருக்கும், அடிப்பாகம் மட்டும் ஸ்கேல் வைத்ததுபோல நேர்க்கோடு. காரணம், சொம்பு சமதரையில் நிற்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். கண் பார்ப்பதை அல்ல, மனத்துக்குத் தெரிந்ததைக் கை வரைகிறது.

இப்போது ஒரு கண்ணாடி டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து வாருங்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் நேராக டம்ளரின் வாயைப் பிடியுங்கள். வாய் ஒரு கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். வாய் திறந்துகொண்டே வரும். அப்படியே நிறுத்தி மூன்றையும் ஒப்பிடச் சொல்லுங்கள்: வாய், தண்ணீர் மட்டம், அடி. கண்மட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு அகலமாகத் திறக்கும். ஆகவே அடிதான் அதிகம் வளையும். இதைச் சொல்லாதீர்கள், அவர்களே சொல்லட்டும். யாராவது ஒருவர் "அடிதான் மிஸ் ரொம்ப உருண்டையா இருக்கு" என்பார்.

பிறகு புதுத் தாள். முதலில் நடுவே ஒரு செங்குத்துக் கோடு. இரண்டு பக்கமும் சமமாக வர அது உதவும். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, சொம்பின் உயரத்தையும் அகலத்தையும் அளக்கச் சொல்லுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும். எல்லோரும் செய்யும் பிழை இது. அந்த அளவில் லேசான கோட்டில் பெட்டி போட்டு, பெட்டிக்குள் வாய், கழுத்து, வயிறு, அடி. நீள்வட்டத்தைக் கூர் இல்லாமல் போட, பென்சிலைத் தாளில் வைக்காமல் காற்றில் நான்குமுறை சுழற்றி, ஐந்தாவது சுற்றில் தாளைத் தொடச் சொல்லுங்கள்.

கடைசி 20 நிமிடம் ஷேடிங். ஜன்னல் ஒருபக்கம் மட்டும் திறந்திருக்கட்டும், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு விளக்கு எரிந்தால் நிழல் இரண்டாகப் பிரிந்து குழப்பும். விரலால் தேய்த்து ஷேடிங் செய்ய விடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்டால் தாள் அழுக்காகும், அழிக்கவும் வராது.

நிறம் கலந்தால் எல்லாம் சேற்று நிறமாகிறது. ஏன்?

மூன்று காரணம். கிண்ணத்துத் தண்ணீரை மாற்றவில்லை. பிரஷ்ஷைத் துணியில் ஒற்றாமல் அடுத்த நிறத்தில் விட்டார்கள். மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது: சிவப்பில் இரண்டு வகை. வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு. கிரிம்சன் நீலம் பக்கம் சாய்ந்தது. வெர்மிலியனோடு நீலம் கலந்தால் உள்ளேயிருக்கும் மஞ்சளும் சேர்ந்து மூன்று அடிப்படை நிறமும் ஆகிவிடும். கத்தரிப்பூ நிறம் வராது, காப்பிப் பொடி நிறம்தான் வரும். ஊதாவுக்குக் கிரிம்சன், ஆரஞ்சுக்கு வெர்மிலியன். இரண்டு வகைச் சிவப்பு வாங்கச் சொன்னது இதற்குத்தான்.

பச்சை கலக்கும்போது மஞ்சளை முதலில் எடுத்து, நீலத்தைப் பிரஷ் நுனியால் துளித்துளியாகச் சேர்க்கவேண்டும். நீலத்தில் மஞ்சளைக் கொட்டினால் பாட்டிலே காலியாகும்.

"ஸ்கின் கலர்" கேட்டு வருவார்கள். பெட்டியில் அந்தப் பெயரில் இருக்கும் ரோஜா நிறக் குச்சி வகுப்பில் யாருடைய தோலுக்கும் பொருந்தாது. மஞ்சள், சிவப்பு, ஒரு துளி நீலம், தேவைக்கு வெள்ளை. தன் முழங்கைப் பக்கத்தில் தாளை வைத்து ஒப்பிட்டு அவரவர் நிறத்தைக் கலக்கட்டும். 40 நிமிடம் ஓடுவதே தெரியாது.

கோலத்தை ஓவிய வகுப்பில் சேர்க்கலாமா?

சேருங்கள். சமச்சீரைச் சொல்லித்தர இதைவிட எளிய வழி எதற்கு? 7–9 வயதுக்கு 5க்கு 5 நேர்ப்புள்ளி, 25 புள்ளி. பெரியவர்களுக்கு 7இல் தொடங்கி 4இல் முடியும் இடைப்புள்ளி: நடுவே 7, இரு பக்கமும் 6, 5, 4, மொத்தம் 37. புள்ளி வைப்பதிலேயே இடைவெளி ஒழுங்கு வந்துவிடும். பாதிக் கோலத்தை நீங்கள் போட்டு மறுபாதியை அவர்கள் முடிக்கட்டும். பிறகு சிக்குக் கோலம்: கோடு புள்ளியைத் தொடாமல் சுற்றிவந்து, கிளம்பிய இடத்திலேயே முடிய வேண்டும். ஆண் பிள்ளைகள் "இது எங்களுக்கு இல்லை" என்பார்கள். சிக்கு எடுப்பதைப் புதிராகக் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டார்கள்.

ஒரு பிள்ளை ஐந்தே நிமிடத்தில் "முடிச்சிட்டேன்" என்கிறது. இன்னொன்று "எனக்கு வராது" என்று தொடவே மாட்டேன் என்கிறது.

முதல் பிள்ளைக்கு "இன்னும் நன்றாகச் செய்" என்று சொன்னால் பயனில்லை. குறிப்பாகக் கேளுங்கள்: "இந்தப் பேருந்துக்குள் எத்தனை பேர்? யார் நிற்கிறார்கள்?" இரண்டாம் பிள்ளைக்குப் பெரிய வெள்ளைத் தாள் பயம். உள்ளங்கை அளவுக்குத் தாளைக் கிழித்துக் கொடுங்கள். அல்லது நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கிறுக்கல் போட்டு, "இதில் என்ன தெரியுது?" என்று கேளுங்கள். அதிலிருந்து ஏதாவது முளைக்கும்.

இடக்கைப் பிள்ளை இருந்தால்?

வரிசையின் இடது ஓரத்தில் உட்காரவையுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கையோடு இடிக்கும். தண்ணீர்க் கிண்ணம் இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம். வண்ணம் தீட்டுவது வலமிருந்து இடமாக. அப்போதுதான் கை பட்டு அழியாது. வலக்கைக்கு மாற்றச் சொல்லும் பெற்றோருக்கு "வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

போட்டிகளுக்குத் தயார் செய்யலாமா?

போகலாம், வகுப்பே போட்டிக்காக ஆகிவிடக்கூடாது. ஒரே படத்தைப் பத்துமுறை போடவைத்து மனப்பாடமாக அனுப்பும் வழக்கம் இருக்கிறது. நடுவர்கள் ஒரே மாதிரி இருபது "மரம் வளர்ப்போம்" பார்த்தவர்கள். கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949இல் தொடங்கிய குழந்தைகள் போட்டிபோல வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புபவை அவசரமில்லாதவை. கூச்சமுள்ள பிள்ளைகளுக்கு அவை நல்லது.

நேரில் நடக்கும் 90 நிமிடப் போட்டிக்குச் சொல்லித்தரவேண்டியது நேரக் கணக்குதான்: யோசித்துத் தீப்பெட்டி அளவில் மூன்று சின்னப் படம் 10 நிமிடம், பெரிய தாளில் அவுட்லைன் 20, பின்னணி நிறம் 25, உருவங்கள் 25, கடைசியில் அடர்த்தி 10. தோற்பது பெரும்பாலும் பின்னணியில். உருவத்தையே செதுக்கிக்கொண்டிருந்து வானம் வெள்ளையாகவே நின்றுவிடும். ஆயில் பேஸ்டலின் காகிதத்தைக் கிழித்து, குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் வானம் ஐந்து நிமிடத்தில் முடியும்.

பெற்றோர் "மூணு மாசமாச்சு, சுவரில் மாட்டுற மாதிரி ஒண்ணும் வரலையே" என்கிறார்கள்.

சேர்க்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயால் சொல்வது நிற்காது. முதல் நாள் தாளையும் இன்றைய தாளையும் பக்கம்பக்கமாக வைத்துக் காட்டுங்கள். "அப்போது எல்லோரும் ஒரே அளவு. இப்போது பாட்டி பக்கத்தில் இருப்பதால் பெரிது, ஆட்டோ தூரத்தில் இருப்பதால் சின்னது" என்று கைவைத்துச் சொல்லுங்கள். வீட்டில் "இது என்னது?" என்று கேட்கவேண்டாம், "இதைப் பற்றிச் சொல்லு" என்று கேட்கச் சொல்லுங்கள்.

கட்டணம் எப்படி வைப்பது?

பக்கத்துத் தெரு வகுப்பைப் பார்த்து வைக்காதீர்கள். 75 நிமிட வகுப்புக்குத் தயாரிப்பு 30, அடுக்கிவைக்க 30, கழுவித் துடைக்க 30. ஆக உங்கள் உழைப்பு 2 மணி 45 நிமிடம். அதை மாதத்தின் நான்கு வகுப்பால் பெருக்கி, ஒரு மணிக்கு என்ன வேண்டும் என்று முடிவுசெய்து, பொருள் செலவைச் சேர்த்து, வரும் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுங்கள். பத்துப் பேர் சேர்ந்திருந்தால் எட்டால் வகுப்பது பத்திரம். பரீட்சை மாதத்தில் இரண்டு பேர் நின்றுவிடுவார்கள். பொருட்களை நீங்களே கொடுத்துக் கட்டணத்தில் சேர்த்துவிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் ஒருத்திக்கு 50 நிறம், இன்னொருத்திக்கு உடைந்த 12 நிறம் என்றாகி, வகுப்பு முழுக்க அந்தப் பஞ்சாயத்துத்தான்.

பிரஷ்ஷும் பெயிண்டும் சீக்கிரம் கெட்டுப்போகின்றன.

பிரஷ்ஷைத் தண்ணீரில் தலைகீழாக நிறுத்தி வைத்தால் முனை வளைந்துவிடும், பிடிக்குள் தண்ணீர் ஏறிப் பசை விட்டுப்போகும். குளிக்கிற சோப்பில் கழுவி, முனையைக் கூர்படுத்தி, படுக்கவைத்துக் காயவிடுங்கள். பாட்டிலுக்குள் பிரஷ்ஷை விடவே கூடாது. அழுக்குத் தண்ணீர் போனால் பூஞ்சை பிடித்து நாறும். கரண்டியால் தட்டுக்கு எடுங்கள். மே மாதத்தில் ஆயில் பேஸ்டல் பெட்டியை ஜன்னலோரம் வைத்தால் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் ஓவியம் காயாது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கொடி கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். கீழே செய்தித்தாள் விரியுங்கள். ஆனால் ஈர ஓவியங்களுக்கு நடுவே வைக்காதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

பாதுகாப்புக்கு என்ன பார்க்கவேண்டும்?

எனாமல் பெயிண்ட், தின்னர், ஸ்ப்ரே, கட்டர் பிளேடு, தெர்மகோல் வெட்டும் சூட்டுக்கம்பி எதுவும் அறைக்குள் வேண்டாம். நிறப்பெட்டியில் நச்சற்றது என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இயற்கை நிறம் செய்து காட்ட ஆரத்திபோல மஞ்சளில் சுண்ணாம்பைக் கலக்காதீர்கள், கண்ணில் தெறித்தால் புண்ணாகும். சோப்புத் தண்ணீர் விட்டாலும் மஞ்சள் சிவக்கும். அறைக் கதவு திறந்தே இருக்கட்டும், வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கட்டும். பிள்ளையை யார் அழைத்துப்போவார்கள் என்று எழுதி வாங்குங்கள். முகம் தெரியும் படத்தை வாட்சப் ஸ்டேட்டசில் போடப் பெற்றோரிடம் முன்னமே கேளுங்கள். ஓவியத்தைப் போட, வரைந்த பிள்ளையிடமும் கேளுங்கள்.